கிணற்றடியில் கிடக்கும் போத்தல்

கொழும்புக் குப்பை அருவக்காட்டுக்கு வருது என்ற கதை உறுதியானதும், 2018 கடைசியில் புத்தளம் எப்படி எழும்பி நின்றது என்று உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். சிலர் அந்தச் சத்தியாக்கிரகப் பந்தலிலேயே இருந்திருப்பீர்கள். 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லைக் குப்பை மேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போன பிறகு, வண்ணாத்திவில்லுப் பக்கத்துப் பழைய சுண்ணாம்புக்கல் குழிக்குக் குப்பையை அனுப்பும் திட்டம் வேகம் எடுத்தது. உம்மாமார், பள்ளிக்கூடப் பிள்ளைகள், கோயில், பள்ளிவாசல், தேவாலயம், விகாரை என்று பேதமில்லாமல் எல்லோரும் ரோட்டில் இறங்கினார்கள். எங்கள் தண்ணியைக் கெடுக்காதீங்க என்பதுதான் கோரிக்கை. நியாயமான கோரிக்கை. 2019 ஆகஸ்டில் லொறிகள் வந்தே விட்டன, அது வேறு கதை.

இந்தக் கட்டுரை அருவக்காட்டைப் பற்றியது இல்லை. அதே வாதத்தை எடுத்துக்கொண்டு கடலேரிக்கு மறுகரையில் இருக்கிற கற்பிட்டித் தோட்டங்களுக்குப் போனால் என்ன தெரியும் என்பதுதான் எனக்கு வேண்டியது. பாலாவிச் சந்தியில் திரும்பி நுரைச்சோலை, ஆலங்குடா, ஏத்தாளை என்று போகும்போது ரோட்டுக்கு இரண்டு பக்கமும் பச்சை. சின்ன வெங்காயம், மிளகாய், பீற்றூட், முள்ளங்கி, பூசணி. அந்தப் பச்சைக்கு நடுவில் ஒரு கிணறு, கிணற்றோடு ஒரு பம்ப், பம்ப் பக்கத்தில் ஒரு கொட்டில். கொட்டிலுக்குப் பின்னால் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். வெள்ளை, நீல, பச்சைப் போத்தல்கள் கிடக்கும். மூடி இல்லாதது, பாதி உருகினது, மணலில் புதைந்து கழுத்து மட்டும் தெரிகிறது. அதில் பாதியாவது புல்லு மருந்துப் போத்தலாக இருக்கும்.

கொழும்பான் குப்பை கொட்டினால் போராட்டம், நாமே கொட்டினால் தோட்ட வேலை. இப்படிச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும் என்று தெரியும். வரட்டும்.

முதலில் அந்த நிலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாமே அதில்தான் இருக்கிறது. கற்பிட்டி ஒரு மணல் நாக்கு. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் கடலேரி. ஆறு இல்லை, குளம் இல்லை. குடிக்கிறதும் பாய்ச்சுறதும் ஒரே தண்ணீர்: மணலுக்குள் இறங்கி, கீழே இருக்கிற உப்புத் தண்ணீருக்கு மேல் ஒரு வில்லை மாதிரி மிதந்துகொண்டிருக்கிற மழைத் தண்ணீர். தோண்டினால் சில அடிகளிலேயே கிடைக்கும். அதுதான் அந்த ஊரின் அதிர்ஷ்டம். அதே காரணத்தால் மேலே எதைக் கொட்டினாலும் சில அடிகளிலேயே தண்ணீரை எட்டிவிடும். மணலில் களி குறைவு, மக்கு குறைவு, பிடித்து வைத்துக்கொள்ள ஒன்றுமில்லை. இது ஊகம் இல்லை. உரத்தில் இருந்து வந்த நைத்திரேற்று கற்பிட்டிக் கிணறுகளில் உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்திருக்கிற லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருப்பதை 1980களில் இருந்தே ஆய்வாளர்கள் எழுதி வருகிறார்கள். யூரியா போன வழி திறந்துதான் கிடக்கிறது. அதே வழியில் வேறொன்று போகாது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

இப்போது புல்லு மருந்துக்கு வருவோம். கிளைபோசேட் என்ற பெயர் உங்களுக்குத் தெரியும். அந்தப் பெயர் தெரியாதவருக்கும் ரவுண்டப் தெரியும். இலையில் பட்டு வேர் வரைக்கும் இறங்கி, தாவரத்துக்குத் தேவையான சில அமினோ அமிலங்களைச் செய்கிற வழியை அடைத்துவிடும். கோரைப் புல்லோடு மல்லுக்கட்டினவர்களுக்கு இதன் அருமை தெரியும். கோரையைக் கையால் பிடுங்கினால் கிழங்கு மண்ணுக்குள் இருந்து மறுபடி சிரிக்கும். நடுகைக்கு முந்தி ஒரு தரம் மருந்து அடித்தால் எத்தனையோ நாள் கூலி மிச்சம். ஆகவே தோட்டக்காரரைப் பார்த்து "நஞ்சு வியாபாரிக்கு அடிமை" என்று ஃபேஸ்புக்கில் எழுதுவது சுலபம். கோரைக்கு முன்னால் குனிந்து பார்த்தவர் எழுதமாட்டார்.

இந்த மருந்துக்கு இலங்கையில் நடந்த கூத்து உலகத்தில் வேறெங்கும் நடந்ததாக நான் கேள்விப்படவில்லை. வடமத்திய மாகாணத்தில் காரணம் தெரியாத சிறுநீரக நோய் ஆயிரக்கணக்கான விவசாயக் குடும்பங்களைத் தின்றுகொண்டிருந்தது. 2014இல் சன்ன ஜயசுமனவும் அவரோடு சேர்ந்தவர்களும் ஒரு கருதுகோளை வெளியிட்டார்கள்: கிளைபோசேட், வன்னீர், பார உலோகங்கள் மூன்றும் சேர்ந்து சிறுநீரகத்தைக் கெடுக்கலாம் என்று. அது கருதுகோள்தான், நிரூபணம் இல்லை. 2015 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு கிளைபோசேட்டை "மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது" என்ற வகுப்பில் போட்டது. அந்த வருஷமே இலங்கை இறக்குமதியைத் தடை செய்தது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடை நீங்கியது. 2021 மே மாதம் இரசாயன உரம், மருந்து எல்லாவற்றுக்கும் ஒரே இரவில் தடை, நவம்பரில் அது வாபஸ். 2022 ஆகஸ்டில் கிளைபோசேட் மறுபடி எல்லோருக்கும் வந்தது. ஏழு வருஷத்துக்குள் நஞ்சு என்றார்கள், பிறகு தேயிலைக்கு நஞ்சில்லை என்றார்கள், கடைசியில் யாருக்கும் பிரச்சினை இல்லை என்றார்கள். எங்கள் வெங்காயத் தோட்டக்காரர் என்ன விளங்கிக்கொண்டிருப்பார்? "இவங்களுக்கே தெரியாது" என்றுதான்.

வெளியிலும் தெளிவில்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகார சபையும் அமெரிக்காவின் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகமும் புற்றுநோய் ஆபத்து இருக்கச் சாத்தியம் குறைவு என்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2023 நவம்பரில் இன்னும் பத்து வருஷத்துக்கு அனுமதி நீட்டியது. அதே நேரம், 2018இல் மொன்சாண்டோவை வாங்கிய பேயர் நிறுவனம் வழக்குகளைத் தீர்க்க 2020இல் பத்து பில்லியன் டொலருக்கு மேல் ஒதுக்குவதாக அறிவித்தது. இந்த விவாதத்தில் நான் நீதிபதி வேலை பார்க்கப் போவதில்லை. எனக்கு உறுத்துவது, தடையா அனுமதியா என்று கத்திக்கொண்டிருந்த ஏழு வருஷத்தில் போத்தலைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை என்பதுதான்.

தடை இருந்த காலத்தில் மருந்து நின்றுபோனதா என்றால், இல்லை. விலை ஏறியது, ஒளித்து விற்றார்கள். கற்பிட்டிக் கரையிலும் மன்னார்க் கரையிலும் கடல் வழியாக வந்த களைநாசினி, பூச்சி மருந்துப் பொதிகளைக் கடற்படை பிடித்த செய்திகள் பல தரம் வந்தன. கடத்தல் மருந்தில் என்ன கெட்டது என்று கேட்கலாம், அதே மருந்துதானே? கெட்டது லேபலில் இருக்கிறது. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் பதிவான மருந்து என்றால், அதில் என்ன இருக்கிறது, எவ்வளவு கலக்க வேண்டும், கண்ணில் பட்டால் என்ன செய்ய வேண்டும் என்று தமிழிலும் எழுதியிருக்கும். படகில் வந்த கானில் எங்களுக்கு விளங்கும் பாஷையில் அது இருக்கும் என்று எப்படி நம்புவது? அந்தக் கானில் இருந்து சின்னச் சின்னதாக ஊற்றிக் கைமாறும்போது அதுவும் இல்லை. சோடாப் போத்தலில் மஞ்சளாக ஒரு தண்ணீர், அவ்வளவுதான்.

இந்தச் சோடாப் போத்தல் விஷயத்தில் மட்டும் நான் எந்தச் சமாதானமும் கேட்கத் தயாரில்லை. ஒளித்து விற்ற காலம் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. "அரை லீற்றர் போதும், முழுசா வாங்க காசில்ல" என்று கேட்பவருக்குக் கடைக்காரர் ஊற்றிக் கொடுக்கிறார். மிச்சத்தை வீட்டில் எண்ணெய்ப் போத்தல் பக்கத்தில் வைக்கிறார்கள். பல தயாரிப்புகள் பார்ப்பதற்கு ஏதோ குடிபானம் மாதிரியே இருக்கும். சின்னப் பிள்ளைக்கு வித்தியாசம் தெரியாது. இருட்டில் தாகத்தோடு வருகிற பெரிய ஆளுக்கும் தெரியாது. மருந்தை அது வந்த போத்தலை விட்டு வேறெதிலும் ஊற்றக்கூடாது. ஊற்றிக் கொடுத்தால் வாங்கக்கூடாது. காசில்லை என்றால் பக்கத்துத் தோட்டக்காரரோடு சேர்ந்து முழுப் போத்தலாக வாங்கிப் பங்கிடுங்கள், டாங்கியில் கலக்கும்போது பங்கிடுங்கள், வேறு போத்தலில் அல்ல.

வைப்பதைப் பற்றி இன்னொன்று, இது பலருக்குத் தெரியாது. கிளைபோசேட்டைத் தகர வாளியிலோ, நாகம் பூசிய இரும்பு டாங்கியிலோ கலக்கவோ வைக்கவோ கூடாது. இரும்போடு தாக்கமுற்று ஐதரசன் வாயு வரும், மூடிய டாங்கியில் சேர்ந்தால் தீப்பிடிக்கலாம். லேபலில் சின்ன எழுத்தில் இருக்கிற விஷயம். பிளாஸ்டிக் வாளிதான் சரி, அதுவும் மருந்துக்கென்றே ஒதுக்கிய வாளி. "கழுவிட்டுத் தண்ணி அள்ளலாம்தானே" என்ற வாளி அல்ல.

பூட்டி வைப்பதைப் பற்றிப் பேசும்போது, கஷ்டமான ஒரு பக்கத்தையும் தொட்டுத்தான் போக வேண்டும். 1990களின் நடுவில் உலகத்திலேயே மிக அதிகமான தற்கொலை வீதம் இருந்த நாடுகளில் இலங்கையும் ஒன்று. 1995 அளவில் இலட்சம் பேருக்கு 47. அதில் பெரும் பங்கு விவசாய மருந்துகளால். பிறகு இருபது வருஷத்தில் அது 70 சதவீதம் அளவு குறைந்தது. எப்படிக் குறைந்தது என்பது சுவாரசியமானது. மருந்துகளைப் பூட்டி வைக்கப் பெட்டி கொடுத்தால் குறையுமா என்று அனுராதபுர மாவட்டத்தில் 180 கிராமங்களில், ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளைச் சேர்த்துப் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. 2017இல் லான்செட் சஞ்சிகையில் முடிவு வந்தது: பெட்டி கொடுத்த கிராமத்துக்கும் கொடுக்காத கிராமத்துக்கும் வித்தியாசம் காணவில்லை. வித்தியாசத்தை உண்டாக்கியது மிக நச்சான மருந்துகளைச் சந்தையில் இருந்தே எடுத்தது. 1995இல் ஒரு தொகுதி, 2008 தொடங்கி 2011 வரை படிப்படியாக இன்னொரு தொகுதி. அதில் பரகுவாட் என்ற களைநாசினியும் அடக்கம். 1995 தொடக்கம் 2015 வரை இந்தத் தடைகளால் 93,000 உயிர்கள் தப்பியிருக்கும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. விளைச்சல் அதனால் விழுந்ததாக ஆய்வுகள் காணவில்லை.

இதை இரண்டு காரணத்துக்காகச் சொல்கிறேன். ஒன்று, வீட்டில் மனசு சரியில்லாமல் ஒருவர் இருந்தால், பூட்டை நம்பாதீங்க. மருந்தை வீட்டிலேயே வைக்காதீங்க, அந்த ஆளோடு பேசுங்க. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம், தமிழில் பேசலாம். உங்களுக்கே அப்படி இருந்தாலும் அதே இலக்கம்தான். இரண்டாவது காரணம் அரசியல். "பாதுகாப்பாகப் பாவியுங்கள்" என்று பாவிக்கிறவன் தலையில் பொறுப்பைக் கட்டிவிடுவது கம்பனிக்கும் அரசாங்கத்துக்கும் வசதி. உண்மையில் வேலை செய்தது மேலே எடுத்த முடிவு. 2015இல் வந்த கிளைபோசேட் தடையை இந்தத் தடைகளோடு ஒன்றாகப் போட்டுக் குழப்பக்கூடாது. முன்னையது ஆஸ்பத்திரிக் கணக்கைப் பார்த்து, மாற்று மருந்து இருக்கிறதா என்று பார்த்து, மெதுவாகச் செய்தது. பின்னையது மேடையில் அறிவித்தது.

சரி, மருந்து அடிக்கிறவர் யார்? தோட்டத்துக்குச் சொந்தக்காரர் எப்போதும் இல்லை. கற்பிட்டித் தோட்டங்களில் கூலிக்குப் போகிறவர்களில் பலர் 1990இல் வடக்கில் இருந்து துரத்தப்பட்டு வந்த குடும்பங்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். அவர்களுக்குக் காணி இல்லை, எது நடந்தாலும் அடுத்த நாளும் கூலிக்கு வந்தாக வேண்டும். சாரத்தை மடித்துக் கட்டி, வெறுங்காலோடு, முகத்தில் ஒரு துவாயைச் சுற்றிக்கொண்டு டாங்கியைத் தூக்குவார்கள். அந்தத் துவாய் பாதுகாப்பு இல்லை. மருந்துப் புகாரை உறிஞ்சி மூக்கோடு சேர்த்துப் பிடித்து வைத்திருக்கும். டாங்கி ஒழுகினால் முதுகு நனையும், நனைந்த சட்டையோடு பகல் முழுக்க நிற்பார்கள்.

உலக உணவு விவசாய நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து வைத்திருக்கிற பீடைகொல்லி நடத்தைக் கோவையில் ஒரு வாசகம் இருக்கிறது. அதன் சாரம்: வசதியில்லாத, விலை கூடிய, கிடைக்காத பாதுகாப்பு உடுப்பு தேவைப்படுகிற மருந்துகளை, முக்கியமாக வெப்ப நாடுகளில் சிறு விவசாயிகள் பாவிக்கிற இடத்தில், தவிர்க்க வேண்டும். கற்பிட்டி மணலில் பன்னிரண்டு மணி வெயிலில் இறப்பர் சப்பாத்தும் முழுக்கை உடுப்பும் போட்டுப் பாருங்கள், இந்த வாசகத்தை எழுதினவருக்கு நன்றி சொல்வீர்கள். ஆகவே வெயில் வேலையையே மாற்ற வேண்டும். காலையில், காற்று எழும்ப முந்தி. கற்பிட்டிக் காற்று பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, பட்டம் விட்டுக் கடலில் சறுக்க வெள்ளைக்காரன் விமானமேறி வருகிற காற்று அது. தென்மேற்குக் காற்றுக் காலத்தில் பத்து மணிக்குப் பிறகு அடித்தால் மருந்தில் ஒரு பங்கு பக்கத்துத் தோட்டத்துக்கு, ஒரு பங்கு அடிக்கிறவர் முகத்துக்கு.

மிக ஆபத்தான நேரம் தோட்டத்தில் நடக்கிற நேரம் இல்லை, மூடியைத் திறந்து அளந்து ஊற்றுகிற அந்த ஒரு நிமிஷம். டாங்கியில் இருப்பது தண்ணீர் கலந்தது; கையில் இருப்பது முழு வீரியம். எல்லாப் பாதுகாப்பும் போட முடியவில்லை என்றால், அந்த ஒரு நிமிஷத்துக்காவது இறப்பர் கையுறையும் கண்ணாடியும் போடுங்கள். இரண்டும் ஒரு வேளைச் சாப்பாட்டு விலைதான், அதை வாங்கிக் கொடுப்பது தோட்டக்காரர் கடமை. முனை அடைத்துக்கொண்டால் வாயால் ஊதாதீர்கள். இதை ஒரு தரம் சொன்னால் போதாது, இன்னும் ஊதுகிறார்கள். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம். வாயில் போய்விட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் லேபலோடு ஆஸ்பத்திரி. 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் வரும். புத்தளத்தில் 1990 என்றால் எங்களுக்கு வேறொன்று ஞாபகம் வரும், என்ன செய்ய, இலக்கம் அதுதான்.

கூட்டிக் கலக்கிறதைப் பற்றி ஒன்று. "மருந்து கேக்குதில்ல, டூப்ளிகேட்" என்று சொல்லி மூடிக் கணக்கை இரட்டிப்பாக்குவது இங்கே சாதாரணம். சில நேரம் மருந்து போலியாகவும் இருக்கலாம். ஆனால் பெரும்பாலும் குற்றம் தண்ணீரில் இருக்கும். கிளைபோசேட் கல்சியத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் இலைக்குள் ஒழுங்காகப் போகாது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் எப்படி? கேத்தலின் அடியைப் பாருங்கள், சவர்க்காரம் நுரைக்கிறதா என்று பாருங்கள். அந்த வன்னீரில் கலக்கினால் மருந்தில் ஒரு பகுதி கலக்கும்போதே வீணாகிறது. கலங்கல் தண்ணீரும் அப்படித்தான். சேர்த்து வைத்த மழைத் தண்ணீரில், லேபலில் சொன்ன அளவில் கலக்கினால், இரட்டிப்பு மருந்து செய்யாததை ஒற்றை மருந்து செய்யும். மிச்சமாகிறது காசு மட்டுமில்லை.

கம்பனிக்காரர் சொல்லுகிற "மண்ணில் பட்டால் கிளைபோசேட் செயலிழந்துவிடும்" என்ற கதையையும் இங்கே கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். பொய் இல்லை. களியும் இரும்பு, அலுமினிய ஒட்சைட்டும் உள்ள மண் அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், பிறகு நுண்ணுயிர்கள் உடைக்கும். நுவரெலியாத் தேயிலை மண்ணுக்கு அது பொருந்தும். எங்கள் கடற்கரை மணலுக்கு அதே நம்பிக்கையை அப்படியே தூக்கிக்கொண்டு வரக்கூடாது. அத்தோடு போத்தலில் கிளைபோசேட் மட்டும் இல்லை. இலையில் ஒட்டிப் பிடிக்கச் சேர்க்கிற பொருட்களில் ஒரு வகை மீனுக்கும் தவளைக்கும் கிளைபோசேட்டை விடக் கெட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2016இலேயே அந்த வகையைக் கிளைபோசேட்டோடு சேர்க்கக்கூடாது என்று நிறுத்திவிட்டது. இறாலையும் மீனையும் நம்பி வாழ்கிற கடலேரிக் கரையில், மருந்து டாங்கியைக் கொண்டுபோய் ஏரித் தண்ணீரில் கழுவுவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. கிணற்றடியில் கழுவினாலும் அதே கதைதான். கழுவிய தண்ணீரை மருந்து அடித்த நிலத்திலேயே, புல்லு மேலேயே தெளித்து முடிப்பதுதான் வழி.

இனி அந்த வெறும் போத்தல். அது வெறும் போத்தல் இல்லை என்பதை முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். கவிழ்த்து வைத்தாலும் உள்ளே ஒட்டியிருக்கும். மருந்து முடிந்த உடனே, காய முந்தி, கால் பங்கு தண்ணீர் ஊற்றி, மூடி, அரை நிமிஷம் நன்றாகக் குலுக்கி, அந்தத் தண்ணீரை டாங்கிக்குள்ளேயே ஊற்ற வேண்டும். இப்படி மூன்று தரம். காசு கொடுத்து வாங்கிய மருந்துதானே, கடைசிச் சொட்டு வரை புல்லுக்கே போகட்டும். பிறகு அடியில் ஆணியால் நாலைந்து ஓட்டை. ஓட்டை முக்கியம். ஓட்டை இல்லாத நல்ல கானை யாராவது எடுத்துக் கழுவி மண்ணெண்ணெய் வைப்பார்கள், தண்ணீரும் வைப்பார்கள். எரிக்கக்கூடாது, அந்தப் புகை போகிற இடம் நம் வீடு. புதைக்கக்கூடாது, புதைக்கிற குழிக்கும் கிணற்றுத் தண்ணீருக்கும் நடுவில் சில அடி மணல்தான்.

"அப்ப என்னதான் செய்யிறது?" என்று ஒரு தோட்டக்கார நானா என்னைக் கேட்டார். கோபமாகவே கேட்டார். "எரிக்காத எண்டுறீங்க, புதைக்காத எண்டுறீங்க, ஏரில போடாத எண்டுறீங்க. தின்னவா?" அவர் கேள்வி சரி. லேபல் அவருக்குச் சொல்வதெல்லாம் என்ன செய்யக்கூடாது என்பதுதான். கழுவி ஓட்டை போட்ட போத்தலை ஒப்படைக்க அவர் தோட்டத்துக்குப் பக்கத்தில் ஓர் இடம் இல்லை.

பிரேசிலில் இருக்கிறது. 2000ஆம் ஆண்டில் சட்டம் கொண்டு வந்தார்கள்: விவசாயி கழுவித் திருப்பிக் கொடுக்க வேண்டும், விற்றவர் வாங்க வேண்டும், தயாரித்தவர் கொண்டுபோய் முடிக்க வேண்டும். வாங்கும்போது பில்லிலேயே எங்கே திருப்பிக் கொடுப்பது என்று எழுதியிருக்கும். இன்று அங்கே மருந்து நேரடியாகப் பட்ட பிளாஸ்டிக்கில் பத்தில் ஒன்பதுக்கு மேல் திரும்பி வருகிறது. பிரேசில்காரன் நம்மை விட நல்லவன் என்பதால் இல்லை, திருப்பிக் கொடுக்க இடம் இருப்பதால்.

எங்களிடம் இடம் மட்டும்தான் இல்லை. எரிக்கிற அடுப்பு, அதுவும் நாட்டிலேயே மிகச் சூடான அடுப்பு, எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. பாலாவி சீமெந்துத் தொழிற்சாலையின் சூளையில் கல் வேகிற வெப்பம் 1450 பாகை, சுவாலை அதை விடக் கூட. தொழிற்சாலைகளின் ஆபத்தான கழிவுகளை அதில் எரிக்கிற வேலை வருஷக் கணக்காக நடக்கிறது. மின்மாற்றி எண்ணெயில் இருக்கும், இலகுவில் அழியாத பீ.சீ.பீ. என்ற நஞ்சைக் கூட அங்கே சோதனையாக எரித்து, அழிந்துவிட்டது என்று 2010இல் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். அந்தச் சூளைக்குக் கல் வந்ததே அருவக்காட்டில் இருந்துதான். சூளைப் புகையைப் பற்றி பாலாவி மக்களுக்கு நியாயமான முறைப்பாடுகள் உண்டு, அதை நான் மறைக்கவில்லை. எரிப்பதென்றால் அளந்து, கண்காணித்து, அளவைப் பகிரங்கமாகப் போட்டு எரிக்க வேண்டும். அப்படிச் செய்தாலும், கொட்டிலுக்குப் பின்னால் ஒருவர் நெருப்புப் பெட்டியை உரசி எரிப்பதை விட அது ஆயிரம் மடங்கு மேல்.

ஆக, கற்பிட்டிப் போத்தலுக்கும் பாலாவிச் சூளைக்கும் நடுவில் இருப்பது நாற்பது கிலோமீற்றர் ரோடு. அந்த ரோட்டில் தினமும் மரக்கறி லொறி போகிறது.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. ஒவ்வொரு மருந்துப் போத்தலுக்கும் விலையோடு ஒரு சின்ன வைப்புப் பணம், கழுவி ஓட்டை போட்டுத் திருப்பிக் கொடுத்தால் அது திரும்பக் கிடைக்க வேண்டும். சோடாப் போத்தலுக்கு எங்கள் வாப்பாமார் காலத்தில் இருந்த அதே ஏற்பாடுதான். விற்பனை அனுமதிப் பத்திரம் புதுப்பிக்கும்போது, வெறும் போத்தலை வாங்காத கடைக்குப் புதுப்பிக்காமல் விடலாம். பீடைகொல்லிப் பதிவாளர் அலுவலகத்துக்கு இதைக் கேட்டு எழுதலாம். அதுவரைக்கும் கமநல சேவை நிலையங்களின் முற்றத்தில் கூரை போட்ட, பூட்டுள்ள ஒரு கம்பிக் கூடு போதும். 2018இல் பதாகை எழுதின பிள்ளைகளுக்கு இன்று இருபத்தைந்து வயது, அவர்களுக்குக் கூடு செய்யத் தெரிந்த வெல்டிங்காரர்களையும் தெரியும், பிரதேச சபை உறுப்பினர்களையும் தெரியும்.

கூட்டை எங்கே வைப்பது என்பதில்தான் சண்டை வரும். எங்கள் பக்கத்தில் வேண்டாம் என்று எல்லோரும் சொல்வார்கள், அருவக்காட்டுக்குச் சொன்ன மாதிரியே. என் யோசனை, கிணறு இல்லாத, வெள்ளம் ஏறாத மேட்டில், சீமெந்துத் தரை போட்டு, லொறி திரும்ப இடம் விட்டு வைக்க வேண்டும். நுரைச்சோலைப் பக்கம் ஒன்று, ஏத்தாளைப் பக்கம் ஒன்று என்று தொடங்கலாம். ஒக்டோபரில் மழை தொடங்கிவிடும். இப்போது கொட்டிலுக்குப் பின்னால் கிடப்பதை அதற்கு முந்தி பொறுக்கி எடுத்தால்தான் உண்டு. கையுறை போட்டுக்கொண்டு வாங்க.